ஆரஞ்சு மூடி

"ஆமா சிஸ்டர், கல்யாண வீட்டுல லட்டு தின்னுட்டேன்."

அந்தப் பாட்டி இதைச் சொன்ன தொனி இன்னும் காதில் இருக்கிறது. தப்பை ஒப்புக்கொள்கிற குரல் இல்லை அது. பேச்சு முடிந்தால் போதும் என்கிற குரல். வெறும் வயிற்றில் சுகர் 310. "என்ன பாட்டி, இனிப்பு சாப்பிட்டீங்களா?" என்ற என் கேள்வியே பதிலையும் எடுத்துக் கொடுத்துவிட்டது. இன்சுலின் ஊசி ஒருநாள்கூட விடவில்லை என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தார். அது உண்மைதான். சீட்டில் காலை 20 யூனிட் என்றிருந்தது 26 ஆனது.

அரசு மருத்துவமனையில் அவருக்குக் கொடுத்த இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி சிரிஞ்ச், மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. சிவப்பு தீர்ந்துபோய் பாட்டி மெடிக்கலில் வாங்கியது ஆரஞ்சு. அதில் 20ஆம் கோடுவரை இழுத்தால் ஏறுவது 0.2 மில்லி, இந்த மருந்தில் அது 8 யூனிட்தான். 26ஆம் கோட்டுக்கு 10.4 யூனிட். கண்புரை விழுந்த கண்ணுக்கு இரண்டு சிரிஞ்சும் ஒன்றுதான்.

அடுத்த மாதம் மருத்துவமனையிலேயே சிவப்பு மூடி கிடைத்தது. பாட்டி அதே 26ஆம் கோடுவரை இழுத்தார். இந்த முறை 26 யூனிட்டும் முழுசாக உள்ளே போனது. காலை பதினொரு மணிக்கு, கை நடுங்கி, ரவிக்கை நனைய வியர்த்து வந்து சேர்ந்தார். சுகர் 46. நினைவு தெளிவாக இருந்ததால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்தோம்: 74. பேத்தி மஞ்சப்பையைக் கவிழ்த்தபோது அடியில் ஆரஞ்சு மூடிகள் கிடந்தன. "போன மாசம் நாங்க எந்தக் கல்யாணத்துக்கும் போகலையே" என்றாள்.

ஓ.பி.யில் டோக்கன் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது எல்லாரிடமும் எல்லாமும் கேட்க முடியாது. சுகர் ஏறினால் சாப்பாட்டைக் கேட்பதும் தப்பில்லை. பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். ஆனால் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்தியது சரியென்று சொல்ல மனம் வரவில்லை. அளவைக் கூட்டுமுன் பையை வாங்கிப் பார்த்திருக்கலாம். மூடியின் நிறம், குப்பியில் அச்சிட்ட எண், திறந்த தேதி. கலங்கலான மருந்தென்றால் உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டுகிறாரா, குலுக்குகிறாரா. வயிற்றைத் தடவினால், ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்த கட்டி கையில் தட்டுப்படும். அங்கே போடும் மருந்தை உடல் சரியாக உறிஞ்சாது. அதற்காக இடத்தை மாற்றச் சொல்லிவிட்டு அளவை அப்படியே விட்டாலும் ஆபத்து. பழைய அளவே புது இடத்தில் சுகரைச் சடாரென்று இறக்கிவிடும்.

இப்போதெல்லாம் "இழுத்துக் காட்டுங்க" என்றுதான் முதலில் கேட்கிறோம். இரண்டு நிமிடம் ஆகிறது. அதையும் எல்லாரும் அக்கறையாக எடுத்துக்கொள்வதில்லை. போன வாரம் ஒரு ஐயா சிரிஞ்சைக் கையில் வாங்காமலே, "பன்னெண்டு வருசமா நானே போட்டுக்கிறேன், என்னைப் பரீட்சை வைக்கிறீங்களா?" என்று முகம் சிவந்தார். அவரிடம் வேறெப்படிக் கேட்டிருக்கலாம் என்று இன்னும் பிடிபடவில்லை. அன்று அவர் வயிற்றைப் பார்க்காமலேதான் அனுப்பினோம்.