உர்ர் சத்தத்தை அடக்கப் போய்

அக்கா மகன் கட்டிய ஆம்ப்ளிபயர் போன வாரம் என் மேசைக்கு வந்தது. ஸ்டீரியோவுக்கு ஒலியைப் பெருக்கும் டிடிஏ2030ஏ ஐசி இரண்டு, நடுவில் பூஜ்ஜியமும் இரு பக்கமும் 12 வோல்ட்டும் தரும் 12-0-12 ட்ரான்ஸ்பார்மர். "மாமா, பாட்டு போடாமலே உர்ருங்குது. போட்டா கரகரங்குது" என்றான். இரண்டும் ஒரே கோளாறு என்பது அவன் நினைப்பு. சும்மா இருக்கும்போது வரும் சத்தம் வேறு, பாட்டோடு சேர்ந்து வரும் கரகரப்பு வேறு. நான் எப்போதும் தனித்தனியாகத்தான் தேடுவேன்.

முதலில் உர்ர். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தேன். சத்தம் அசையவில்லை. அப்படியென்றால் போன், கேபிள் மேல் பழி இல்லை. வால்யூமுக்கு அடுத்த பக்கத்தில்தான் விஷயம். (புதுக் கேபிளுக்கு அவன் ஏற்கெனவே தண்டம் அழுதிருந்தான்.) அப்புறம் காதைக் கொடுத்துக் கேட்டேன். பக்கத்து கரண்ட் வயரிலிருந்து ஒட்டிக்கொள்ளும் ஹம் 50 ஹெர்ட்ஸ், 'ம்ம்ம்' என்று மழுங்கலாக இருக்கும். இது 'ஸ்ர்ர்ர்' என்று கூராக இருந்தது. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடைத் தாண்டி வரும் 100 ஹெர்ட்ஸ் அப்படித்தான் கேட்கும். சப்ளை சரியில்லை என்று 2200 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இருந்த இடத்தில் 4700 போட்டிருந்தான். துளியும் குறையவில்லையாம்.

குறையாது. போர்டைத் திருப்பினால் காரணம் தெரிந்தது. இரண்டு பெரிய கண்டென்சருக்கும் நடுவே ஒரு சாண் நீள மெல்லிய வயர். அதன் ஒரு முனையில் இன்புட் கிரவுண்ட் (பூஜ்ஜிய வோல்ட் இணைப்பு), மறுமுனையில் பீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பங்கை இன்புட்டுக்குத் திருப்பும் வழி) கிரவுண்டும் ஸ்பீக்கர் கிரவுண்டும். கண்டென்சர்கள் சார்ஜ் ஆகும் கரண்ட் 10 மில்லி செகண்டுக்கு ஒரு முறை அந்த வயர் வழியாகத்தான் பாயும். வயரின் ரெசிஸ்டன்ஸ் பத்து மில்லி ஓம், கரண்ட் அரை ஆம்பியர் என்று வைத்தாலும் 5 மில்லிவோல்ட். சர்க்யூட் படத்தில் உள்ள கெயின், அதாவது பெருக்கும் மடங்கு, 33. அந்தக் கணக்கில் ஸ்பீக்கரில் 165 மில்லிவோல்ட் இரைச்சல். கண்டென்சரைப் பெரிதாக்கினால் அந்தக் கரண்ட் இன்னும் கூராகத்தான் பாயும். இரண்டையும் தடித்த செம்புக் கம்பியால் நெருக்கிச் சேர்த்து, அங்கிருந்து தனி வயராக ஒரு நட்டுக்குக் கொண்டுவந்து, எல்லா கிரவுண்டையும் அந்த ஒரே இடத்தில் கட்டினேன். உர்ர் நின்றது.

கரகரப்பு நிற்கவில்லை. பாட்டே ஓடாதபோதும், ஐசியின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்க்கில் கை வைக்க முடியாத சூடு. என்னிடம் மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் கிடையாது. மீடியம் வேவ் பாக்கெட் ரேடியோ உண்டு. நிலையம் இல்லாத இடத்தில் அதை வைத்து போர்டுப் பக்கம் கொண்டுபோனேன். உஸ்ஸென்று இரைந்தது. ஆம்ப்ளிபயரை அணைத்தால் அமைதி. ஐசி, காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. சூடும் அதனால்தான், பாட்டு உடைவதும் அதனால்தான்.

இப்படி ஆடாமல் தடுக்க அவுட்புட்டில் வைக்கும் 1 ஓம் ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் ஒழுங்காக இருந்தன. பீட்பேக் பக்கம் போனேன். 680 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் 4.7 கே, அதாவது 4700 ஓம்.

"இது யார்டா?"

"சத்தம் கம்மியாகட்டும்னு நான்தான் மாமா மாத்தினேன்."

பீட்பேக்கில் இருக்கும் இன்னொரு ரெசிஸ்டரான 22 கே-யோடு சேர்த்தால் கெயின் ஆறுக்கும் கீழே. இந்த ஐசிக்கு 24 டெசிபல், அதாவது சுமார் பதினாறு மடங்குக்குக் கீழே போகாதே என்று தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. கெயினைக் குறைப்பது என்றால் அவுட்புட்டில் அதிகப் பங்கை இன்புட்டுக்குத் திருப்பி அனுப்புவது. மேல் அதிர்வெண்களில் அது தாமதமாக வந்து சேர்வதால், எதிர்க்க வேண்டியது தூபம் போட ஆரம்பித்துவிடும். உர்ரை அடக்கப் போட்ட ரெசிஸ்டர்தான் கரகரப்பைக் கொண்டுவந்தது.

680 திரும்பப் போனது. ஹீட்சிங்க் இப்போது வெதுவெதுப்புதான். லேப்டாப்பை சார்ஜரோடு இணைத்தால் மட்டும் லேசாக ஒரு இரைச்சல். பேட்டரியில் ஓட்டினால் இல்லை. அது சார்ஜர் வழியாக வரும் கிரவுண்ட் லூப் (கிரவுண்ட் இரண்டு வழியில் இணைந்து வளையமாவது), இன்புட்டில் ஒரு சின்ன ஐசொலேஷன் ட்ரான்ஸ்பார்மர் போட்டால் போய்விடும்.

இதைத் தகரப் பெட்டிக்குள் வைக்கப் போகிறானாம். ஐசியின் முதுகுத் தகடு மூன்றாவது பின்னோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. கிரவுண்டோடு சேர்ந்த பெட்டியில் அது பட்டால் ஷார்ட். கரண்ட் கடத்தாத மைக்கா ஷீட்டும் ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் வாங்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதே என்று சொல்லித்தான் அனுப்பினேன்.