பத்துக்கு நாலு

பத்துக்கு நாலு போட்டேன். மாற்றச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை, நானும் மாற்றவில்லை. மூன்று செமஸ்டர் ஓடிவிட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை வகுப்புக்கு எடுத்துப் போகும்போதெல்லாம் அந்த விடைத்தாள்தான் முதலில் கண்ணில் வந்து நிற்கிறது.

கதையைச் சொல்லும் நாயகன் மெர்சோ, கடற்கரையில் அந்த அரபு இளைஞனை ஏன் சுடுகிறான் என்பது கேள்வி. அந்தப் பிள்ளை சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தது: மெர்சோ விதியை நம்புகிறவன், அதை அவன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். ஆதாரமாக முதல் பாகத்தின் கடைசி வரி. ஒவ்வொரு குண்டும் தன் அழிவின் கதவில் விழுந்த பலத்த தட்டல் என்கிறான் மெர்சோ. அந்தத் தட்டலுக்கு முன்னால் ‘ஃபேட்ஃபுல்’, அதாவது விதி விதித்த, என்று ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. மேற்கோளில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. கைடைப் பார்த்து எழுதும் பிள்ளைகளின் விடை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். இது நாவலை உட்கார்ந்து படித்த பிள்ளை.

படித்தவுடனே தெரிந்துவிட்டது, இது ஸ்டூவர்ட் கில்பர்ட் மொழிபெயர்ப்பு என்று. 1946இல் வந்த முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு அவருடையது. பிரெஞ்சில் அந்த வரி எளிமையானது: துயரத்தின் கதவை நான்கு முறை சுருக்கமாகத் தட்டியதுபோல் இருந்தது. அவ்வளவுதான். கில்பர்ட் அந்த ‘நான்கை’ இந்த வரியிலிருந்து எடுத்துவிட்டார். பிரெஞ்சில் இல்லாத ‘ஃபேட்ஃபுல்’லைச் சேர்த்துவிட்டார். 1988இல் மாத்யூ வார்டு மொழிபெயர்த்தபோது நான்கு தட்டல்களும் திரும்ப வந்தன, விதி போய்விட்டது.

ஆக, காம்யு எழுதாத ஒரு சொல்லை நம்பி ஒரு முழு விடை. அந்தச் சொல்லைச் சிவப்பில் சுற்றி, நாலு போட்டேன்.

விடைத்தாள் திருத்தும் கேம்ப்பில் எங்களுக்கு மேலே இருந்த சீஃப் சார் மறுபார்வைக்கு எடுத்த தாள்களில் அதுவும் இருந்தது.

“என்ன மேடம், மூணு பக்கம் எழுதியிருக்கு. நாலுதானா?”

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரி, அந்த வரி புத்தகத்துல இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார். ஆனா காம்யு எழுதினது இல்ல.”

“அந்தப் பிள்ளைக்கு பிரெஞ்சு தெரிய வேண்டாமா அதுக்கு?”

நான் பேசவில்லை.

“உங்களுக்குத் தெரியுமா?”

“கொஞ்சம் தெரியும் சார்.”

“உங்க இஷ்டம் மேடம்” என்று தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார். அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் ஆறாக மாற்றியிருப்பேனோ என்னவோ.

என் பக்கத்து நியாயம் சின்னதல்ல. இந்த நாவலில் எல்லாமே மெர்சோ பேசும் விதத்தில்தான் இருக்கிறது. பிரெஞ்சு நாவலாசிரியர்கள் வழக்கமாகக் கதை சொல்லும் இறந்தகாலத்தைத் தள்ளிவிட்டு, பேச்சில் வரும் இறந்தகாலத்தைக் காம்யு எடுத்துக்கொண்டார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ‘அதனால்’ என்பது அரிதாகத்தான் வரும். இந்த நாவலின் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்று பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ர் 1943இலேயே எழுதினார். கில்பர்ட் தீவுகளுக்கு நடுவே பாலம் கட்டினார். இரண்டாவது வரியையே பாருங்கள். அம்மா ஒருவேளை நேற்று இறந்திருக்கலாம், ‘தெரியாது’ என்கிறான் மெர்சோ. கில்பர்ட்டில் அது ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்று ஆகிவிடுகிறது. ஒன்று மெர்சோ, மற்றது மரியாதை தெரிந்த ஒரு குமாஸ்தா. கடைசி வரியில் காம்யு ‘வெறுப்புக் கூச்சல்கள்’ என்று சாதாரணமாக எழுதியதற்கு ‘எக்ஸிக்ரேஷன்’ என்று ஒரு கனத்த புத்தகச் சொல்லைப் போட்டிருக்கிறார் கில்பர்ட். மெர்சோ வாயில் அந்தச் சொல் வருமா? இதையெல்லாம் கவனிக்கச் சொல்லித்தராமல் இலக்கிய வகுப்பு என்று ஒன்று எதற்கு?

அம்மா என்ற சொல்லுக்கே ஆங்கிலம் பட்ட பாடு கொஞ்சமில்லை. கில்பர்ட் ‘மதர்’ என்றார். விறைப்பாக இருக்கிறது என்று வார்டு பிரெஞ்சு ‘மமான்’ என்பதையே வைத்துக்கொண்டார். 2012இல் சாண்ட்ரா ஸ்மித் ‘மை மதர்’ என்றார். குழந்தையும் நாற்பது வயது ஆளும் கூப்பிடும் ஒரே சொல் அவர்களுக்குச் சிக்கவில்லை. நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. க்ரியா வெளியிட்ட வெ. ஸ்ரீராமின் தமிழ் மொழிபெயர்ப்பு நேரே பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்கிறேன்.

இவ்வளவும் சொல்லி முடித்த பிறகும் சீஃப் சாரின் கேள்வி அப்படியே நிற்கிறது. பாடத்திட்டத்தில் ஆசிரியர் பெயரும் நாவலின் பெயரும் மட்டும்தான் இருக்கின்றன. எந்த மொழிபெயர்ப்பு என்று நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை. நூலகத்தில் பழைய பிரதி கிடைத்தால் பிள்ளை அதைத்தான் படிக்கும். புத்தகத்தில் இருந்ததை நம்பியது மட்டும்தான் அது செய்தது.

அப்புறம் இன்னொன்று. விதி என்ற வாசிப்பு அப்படியொன்றும் அபத்தமில்லை. நாவல் முழுக்க வறண்டு பேசும் மெர்சோ அந்தப் பக்கங்களில் மட்டும் வேறு மாதிரி பேசுகிறான். நெற்றியில் சூரியன் ஜால்ராபோல் மோதுகிறது. வானம் திறந்து நெருப்பு மழை பெய்கிறது. அதன் முடிவில்தான் துயரத்தின் கதவு. விதி என்ற சொல் பிரெஞ்சில் இல்லைதான். ஆனால் அதன் வாடை அங்கே இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கில்பர்ட் மிகைப்படுத்தினார், இல்லாததைக் கொண்டுவந்தார் என்று சொல்ல முடியுமா? அன்று முடியும் என்று நினைத்தேன். இப்போது அந்தப் பக்கத்தைப் படித்தால் ஒரு நாள் முடியும் என்று படுகிறது, மறுநாள் இல்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்றும் உண்டு. நான் எம்.ஏ. படித்ததும் கில்பர்ட்தான். உலகத்தின் ‘தாந்த்ர்’ அலட்சியத்துக்குத் தன்னைத் திறந்துகொள்கிறான் மெர்சோ கடைசிப் பக்கத்தில். மென்மையான என்று சொல்லலாம், பரிவான என்றும் சொல்லலாம். கில்பர்ட்டில் அது பிரபஞ்சத்தின் ‘பெனைன்’, அதாவது தீங்கற்ற, அலட்சியம். அந்தச் சொல்லை வைத்து அன்று தேர்வில் ஒரு பக்கம் எழுதினேன். நல்ல மார்க் வந்தது. எந்த மொழிபெயர்ப்பு என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

விடைத்தாளில் பெயருக்குப் பதிலாக டம்மி நம்பர்தான் இருக்கும். எந்தக் கல்லூரி, யார் என்று தெரிய வழியில்லை. அந்தப் பிள்ளை பாஸா என்பதும் தெரியாது.

இந்த வருடம் அந்தக் கதவு வரியை கில்பர்ட்டிலும் வார்டிலும் எழுதி, பக்கத்தில் பிரெஞ்சையும் போர்டில் எழுதிப் போட்டேன். முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “எதை எழுதினா மார்க் வரும், மேடம்?”

எதை எழுதினாலும் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்து எழுதும்மா என்றேன். எல்லோரும் குனிந்து குறித்துக்கொண்டார்கள். அவர்கள் தாள் எந்தக் கேம்ப்பில் யார் கைக்குப் போகுமோ.