வெள்ளெழுத்தும் பெரிய திரையும்: ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறிய அனுபவம்

அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கும் மெய்ப்புத் திருத்துபவரின் கண்ணுக்கு முதலில் தப்புவது புள்ளிதான். 'க'வையும் 'க்'கையும் பிரிப்பது ஒரே ஒரு பொட்டு. 'கி'க்கும் 'கீ'க்கும் நடுவே இருப்பது ஒரு சின்னச் சுழி. எனக்குச் சில ஆண்டுகளாக வெள்ளெழுத்து, பக்கத்தில் உள்ள எழுத்து மங்கும். பதிப்பகங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிடிஎஃப் மெய்ப்புகளைப் பேருந்திலும் ரேஷன் கடை வரிசையிலும் போனிலேயே பார்த்துவிடுவது வழக்கம். கையில் இருந்தது 2020-ல் வந்த ஐபோன் எஸ்இ. 4.7 அங்குலத் திரை, 148 கிராம் எடை, கீழே விரல்ரேகை வைக்கும் வட்டப் பொத்தான். நல்ல போன், வேகத்தில் இன்றும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடி போட்ட பிறகும் புள்ளிகள் கரையத் தொடங்கின. பெரிய திரை வாங்குவது உறுதியாயிற்று. ஐபோனிலேயே தொடர்வதா, ஆண்ட்ராய்டுக்குப் போவதா என்பதில்தான் நிறைய யோசித்தேன்.

முதலில் அளவு. கடையில் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. இன்றைய போன்கள் உயரத்தில் வளர்ந்த அளவுக்கு அகலத்தில் வளரவில்லை. எஸ்இயின் திரை ஏறக்குறைய 58 மில்லிமீட்டர் அகலம், 104 மில்லிமீட்டர் உயரம். 6.7 அங்குலத் திரை என்றால் ஏறக்குறைய 71 அகலம், 154 உயரம். உயரம் 50 மில்லிமீட்டர் கூடும்போது அகலம் கூடுவது 13 மட்டும். ஆங்கிலம் படிப்பவருக்கு இது பெரிய விஷயமாக இல்லாமல் இருக்கலாம். தமிழுக்கு அகலம் வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கிய சிறு திரையில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரு சொல்லே வரியை நிரப்பிவிடும். வரிக்கு இரண்டு சொல் என்று படித்தால் வாக்கியத்தின் ஓட்டமே பிடிபடாது.

மெய்ப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. பிடிஎஃப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் மடங்காது, பக்கம்தான் பெரிதாகித் திரைக்கு வெளியே போகும். நம் நாவல்கள் பெரும்பாலும் டெமி அளவு, ஐந்தரை அங்குல அகலம், அதாவது 140 மில்லிமீட்டர். அதை 58 மில்லிமீட்டர் திரையில் பொருத்தினால் 12 பாயின்ட் எழுத்து 5 பாயின்டாகச் சுருங்குகிறது. 71 மில்லிமீட்டரில் 6 பாயின்ட், பெரிய முன்னேற்றமில்லை. ஆனால் போனைப் பக்கவாட்டில் திருப்பினால் 154 மில்லிமீட்டர் கிடைக்கிறது. அச்சுப் புத்தகத்தின் அகலத்துக்குச் சற்று மேலேயே! எஸ்இயைத் திருப்பினாலும் 104-தான். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்ததும் 6.1 அங்குலப் போன்களை மனதிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஐபோன் 15 பிளஸ், கேலக்ஸி எஸ்24 பிளஸ் இரண்டும் 6.7 அங்குலம். முன்னது 201 கிராம், பின்னது 196. மதுரை டவுன் ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன். கடைத் தம்பி, "கேமரா ஓப்பன் பண்ணிப் பாருங்க சார், ஜூம் பாருங்க" என்றார். "இருங்க தம்பி, கொஞ்சம் படிச்சுப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டிலும் தமிழ் விக்கிமூலத்தைத் திறந்து ஒரே பக்கத்தை அருகருகே வைத்துப் படித்தேன். அமைப்புகளுக்குள் போய் எழுத்தளவை ஏற்றி இறக்கினேன். பொறுமையாக நிற்க விட்டார் அந்தத் தம்பி. போன் வாங்கப் போகிற எல்லோரும் இதைச் செய்யுங்கள். கேமராவை எத்தனையோ பேர் சோதித்து எழுதுகிறார்கள், தமிழ் எழுத்து உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எழுத்தளவில் இரண்டு இயங்குதளங்களின் போக்கும் வேறு. ஐபோனில் எழுத்தைப் பெரிதாக்கினால், அந்த வசதியை ஏற்கும்படி எழுதப்பட்ட செயலிகள் மட்டும்தான் கேட்கும். ஆனால் கேட்கிற செயலிகளில் அமைப்பு குலையாமல் அழகாக வளரும். ஐஓஎஸ் 15 முதல் செயலிக்குச் செயலி தனி அளவும் வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் எழுத்தளவுக்கு ஒரு பட்டை, திரையில் உள்ள எல்லாவற்றையும் பெரிதாக்க இன்னொரு பட்டை. 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14, எழுத்தை 200 சதவீதம் வரை வளர்க்கிறது. அதிலும் ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்புகளைக் குறைவாகவும் சிறிய எழுத்துகளை அதிகமாகவும் பெரிதாக்குகிறது. வெள்ளெழுத்துக்காரருக்கு அது பெரிய உதவி.

தட்டச்சில் ஐபோனை விட்டுக்கொடுக்க மாட்டேன். 2013-ல் ஐஓஎஸ் 7 வந்தபோதே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே வந்துவிட்டன. நான் தமிழ்99 பழகியவன். விரல் அதிலேயே ஊறிவிட்டது. ஆண்ட்ராய்டில் முத்து நெடுமாறனின் விசைப்பலகைச் செயலியான செல்லினத்தை நிறுவிக்கொண்டேன். தமிழ்99 அப்படியே கிடைத்தது, பழக்கம் மாறவில்லை. கூடவே கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டின் குரல்வழித் தட்டச்சும் இருக்கிறது. 2017 முதல் அது தமிழ் கேட்கிறது. நீண்ட மின்னஞ்சல்களை இப்போது பேசியே எழுதுகிறேன். வல்லினம் மிகும் இடங்களை மட்டும் பிறகு ஒருமுறை கண்ணோட்டி விடவேண்டும்.

முடிவைத் தீர்மானித்தவை மூன்று. ஒன்று, கோப்புகள். என் கணினி விண்டோஸ். ஐபோனைக் கம்பியில் இணைத்தால் எக்ஸ்ப்ளோரரில் படங்கள் இருக்கும் உறை மட்டும் தெரியும். ஆண்ட்ராய்டுப் போன் உறைகளோடு திறந்து, மெய்ப்புகளை இழுத்துப் போட விடுகிறது. இரண்டு, விரல்ரேகை. 15 பிளஸில் முகம் காட்டித் திறப்பதுதான், எஸ்24 பிளஸில் திரைக்கு அடியிலேயே ரேகை படிக்கும் வசதி உண்டு. மூன்று, ஆயுள். ஆண்ட்ராய்டு சீக்கிரம் கைவிடப்படும் என்ற பயம் எனக்கு நீண்டநாள் இருந்தது. 2015-ல் வந்த ஐபோன் 6எஸ், ஐஓஎஸ் 9-ல் தொடங்கி 15 வரை போனதைப் பார்த்தவன் நான். 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்கு 7 ஆண்டு புதுப்பிப்பு என்று சாம்சங் அறிவித்தது அந்தப் பயத்தைத் தீர்த்தது. அடுத்த வரிசை வந்து விலை இறங்கியதும் வாங்கினேன்.

மாற்றுவதில் வரிசை முக்கியம். வாட்ஸ்அப்பைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். புதிய போனை முதன்முதலாகத் திறந்து அமைக்கும்போதே, பழைய ஐபோனில் செருகும் லைட்னிங் ஒரு முனையும் யுஎஸ்பி-சி மறுமுனையும் கொண்ட கம்பியால் இரண்டையும் இணைத்து, புதிய போன் காட்டும் கியூஆர் குறியீட்டைப் பழையதில் ஸ்கேன் செய்தேன். அரட்டைகள், குரல் பதிவுகள், குழுக்கள் எல்லாம் வந்தன. அழைப்புப் பட்டியல் வராது. இந்தக் கம்பியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஐகிளவுடில் இருக்கும் வாட்ஸ்அப் காப்பு ஆண்ட்ராய்டில் உதவாது.

சிம்மைக் கழற்றுவதற்கு முன் ஐபோனில் ஆப்பிளின் செய்தி, அழைப்பு வசதிகளான ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் அணைத்தேன். அணைக்காவிட்டால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்திகள் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கக்கூடும். அதே சிம் அட்டையை மாற்றிப் போட்டதால் ஓடிபிக்குத் தடங்கல் இல்லை. புதிய சிம்மாகவோ இ-சிம்மாகவோ மாற்றுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பாதுகாப்புக்காக 24 மணி நேரம் குறுஞ்செய்தியை நிறுத்தி வைப்பார்கள். வாடகையோ பள்ளிக் கட்டணமோ கட்டும் நாளில் அந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு யுபிஐ. செயலி நம் சிம்மிலிருந்து தானாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, இந்த எண் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று வங்கிக்கு உறுதிசெய்கிறது. அதற்காக மொபைல் டேட்டாவை இயக்கி, வைஃபையை அணைத்துவிட்டுச் செய்தேன், உடனே முடிந்தது. முதல் ஒரு நாள் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடவில்லை. திருடன் கையில் போன் சிக்கினால் நம் பணத்தைக் காக்கிற தடை அது, எனக்கு அதில் வருத்தமில்லை. ஒரு வங்கியின் செயலி மட்டும் டெபிட் கார்டு எண்ணிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டு, மறுநாள் வரை இழுத்தது. கார்டை வீட்டில் எங்கே வைத்தோம் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உள்நுழைவுக் குறியீடு தரும் கூகுள் ஆத்தென்டிகேட்டர் செயலியில் உள்ள கணக்குகளைப் பழைய போனில் கியூஆராக எடுத்துப் புதியதில் படிக்க வைத்தேன்.

புகைப்படங்களை ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்திலிருந்தே கூகுள் போட்டோஸுக்கு அனுப்பக் கோரலாம். சில நாள் பிடிக்கும், போன் அதற்கு விழித்திருக்கத் தேவையில்லை. கூகுளின் இலவச இடம் 15 ஜிபிதான் என்பதை மட்டும் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டு கை தேவைப்படுவது இந்த அளவின் விலை. ஓடும் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலால் திரையின் மேல்மூலையைத் தொட முடிவதில்லை. திரையைச் சுருக்கிக் கீழே கொண்டுவரும் ஒருகை முறையை இயக்கி வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டில் எந்த ஓரத்திலிருந்து இழுத்தாலும் பின்னால் போவது வலக்கைக்காரனான எனக்குப் பெரிய சௌகரியம். ஐபோனில் இடது ஓரத்தைத்தான் பழகியிருந்தேன். அதே சமயம் ஐபோன் அறிவிப்புகளில் காட்டிய ஒழுங்கை இங்கே நான் உட்கார்ந்து உருவாக்க வேண்டியிருந்தது. செயலிக்குச் செயலி போய் வேண்டாத அறிவிப்புகளை நிறுத்தினேன்.

மெய்ப்பு வேலை மாறிவிட்டது. போனைத் திருப்பிப் பிடித்தால் பக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அச்சு அளவில், புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

பழைய எஸ்இயை அக்கா மகள் கேட்டாள். எல்லா வங்கிச் செயலிகளும் புதியதில் ஓடும் வரை அதை அழிக்காமல் வைத்திருந்தேன். பிறகு தொலைந்த போனைத் தேடும் 'ஃபைண்ட் மை'யை அணைத்து, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுதாக அழித்துக் கொடுத்தேன். கணக்கிலிருந்து வெளியேறாமல் கைமாற்றினால் ஆக்டிவேஷன் லாக் விழுந்து, வாங்கியவர் திறக்கவே முடியாது. விற்கிறவர்களும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறவர்களும் கடை வாசலிலேயே அதைச் சரிபார்த்துவிடுங்கள்.