2350 மில்லிமீட்டர் கேட்டால் என்ன சொல்லும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எல்.இ.டி. ஃபிட்டிங்குகள் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் தயாரிப்பு விவரங்களைப் பராமரிக்கும் பொறுப்பில் நான் இருந்தபோது, வாடிக்கையாளரே தமக்கு வேண்டிய ஃபிட்டிங்கை இணையத்தில் வடிவமைத்து ஆர்டர் குறியீடும் விலையும் பெறுவதற்கான கான்ஃபிகரேட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. காரணம் ஒரு தவறான கோட்டேஷன். விற்பனைப் பிரிவில் ஒருவர், ஒல்லியான லீனியர் (நீளவாக்கு) ஃபிட்டிங் ஒன்றை டாலி டிரைவருடன் (ஒளியை டிஜிட்டல் முறையில் கூட்டிக் குறைக்க உதவும் மின்வழங்கிப் பெட்டி) தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஆர்டர் உறுதியாகி, அலுமினிய பாடிகள் பவுடர் கோட்டிங் முடிந்து அசெம்பிளிக்கு வந்த பிறகு, மேற்பார்வையாளர் டிரைவரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது அந்த பாடிக்குள்ள போகாது தம்பி, கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே” என்றார். அவரைக் கேட்க வேண்டும் என்பதே விற்பனைப் பிரிவுக்குத் தெரியாது. அந்த விதி எந்தக் காகிதத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கூரையிலிருந்து கீழ்நோக்கி ஒளிரும் எங்கள் டவுன்லைட் வரிசை ஒன்றை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டேன். 6 வாட் அளவுகள், 4 நிற வெப்பநிலைகள், 2 சி.ஆர்.ஐ. (பொருள்களின் நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்ற அளவு) தரங்கள், 4 பீம் (ஒளிக்கற்றை) கோணங்கள், 3 டிரைவர் வகைகள், 5 வண்ணங்கள், 3 பொருத்தும் முறைகள். பெருக்கினால் 8640 சேர்க்கைகள். இவற்றில் உண்மையில் செய்யக்கூடியவை எத்தனை என்ற கேள்விக்கு அலுவலகத்தில் ஒருவரிடமும் விடை இல்லை.

முதல் மாதம் முழுவதும் செயல்விளக்கங்களைப் பார்ப்பதிலேயே கழிந்தது. திரையில் ஃபிட்டிங் சுழலும், வண்ணம் மாறும், நிர்வாகத்தினர் மகிழ்வார்கள். விற்க வந்தவர்கள் அனைவரும் நடக்கக்கூடிய சேர்க்கைகளையே காட்டினார்கள். எங்கள் பணம் போனதெல்லாம் நடக்காத சேர்க்கைகளில். ஆகவே, எங்களிடம் இருப்பதிலேயே தொல்லை பிடித்த ஃபிட்டிங்கை நாங்களே கொடுத்து, அதை உங்கள் கருவியில் ஏற்றிக் காட்டுங்கள் என்று கேட்கத் தொடங்கினேன்.

அது தொங்கவிடும் லீனியர் ஃபிட்டிங். அதனுள்ளே இருக்கும் எல்.இ.டி. பலகை ஒவ்வொன்றும் 280 மி.மீ. நீளம், இரு முனை மூடிகளும் 5 மி.மீ. வீதம். கட்டடக் கலைஞர் சுவரை அளந்து 2350 மி.மீ. வேண்டும் என்பார். 8 பலகைகள் வைத்தால் மொத்தம் 2250, 9 வைத்தால் 2530. இடையில் உள்ள 2350-க்கு அலுமினியத்தை அறுத்துக் கொடுத்துவிடலாம்தான், ஆனால் ஒளிராத 100 மி.மீ. எங்கோ இருட்டாகத் தெரியும், கட்டடம் திறந்த மறுநாள் புகைப்படத்தோடு புகார் வரும். மூன்று கருவிகளை இதில் சோதித்தோம். இணையக் கடைக்கான துணைநிரலாக வந்த முதல் கருவி 2350-ஐ மறுபேச்சில்லாமல் ஏற்று விலையும் போட்டது. இரண்டாவது, ‘இந்தத் தெரிவு செல்லாது’ என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது. மூன்றாவது கருவியில்தான், ஏன் இயலாது என்ற காரணத்தையும், பக்கத்தில் உள்ள 2250, 2530 என்ற இரு நீளங்களையும் காட்டும்படி எங்களாலேயே விதி எழுத முடிந்தது.

முதல் கருவியின் குறை அதன் அடிப்படையிலேயே இருந்தது. அது அனுமதிக்கப்பட்ட சேர்க்கைகளை ஒவ்வொரு வரியாக அட்டவணையில் எதிர்பார்த்தது. டவுன்லைட்டுக்கு நான்காவது டிரைவர் வகை ஒன்று வந்தால், மேற்சொன்ன கணக்கின்படி 2880 வரிகளைப் புதிதாகச் சேர்த்து, பொருந்தாதவற்றை நீக்க வேண்டும். விதியாக எழுதினால், அந்த டிரைவரின் நீளம் பாடியின் உள்ளளவைத் தாண்டக் கூடாது என்ற ஒரு வரி போதும். இரண்டாவது கருவியோ வாட்டில் தொடங்கி வரிசையாகத்தான் கேள்வி கேட்கும். கூரையில் ஏற்கெனவே ஓட்டை போட்டுவிட்டு வருகிற ஒப்பந்ததாரர் அந்த ஓட்டையின் அளவிலிருந்துதான் தொடங்குவார்.

நிர்வாகம் பெரிதாக எண்ணாத, ஆனால் ஒளியமைப்பு ஆலோசகர்கள் முதலில் பார்க்கிற இன்னொரு விஷயம் ஐ.இ.எஸ். கோப்பு, அதாவது ஃபிட்டிங்கின் ஒளி எந்தத் திசையில் எவ்வளவு பரவுகிறது என்ற அளவீட்டுக் கோப்பு. அதை டயலக்ஸ் என்ற மென்பொருளில் ஏற்றித்தான் அவர்கள் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) கணக்கிடுகிறார்கள். நாங்கள் ஆய்வகத்தில், ஒளிப் பரவலை அளக்கும் கோனியோஃபோட்டோமீட்டரில் அளந்தது பெரும்பாலும் 4000 கெல்வின், 80 சி.ஆர்.ஐ. வகையை மட்டுமே. அதே ஃபிட்டிங்கை 2700 கெல்வினிலும் 90 சி.ஆர்.ஐ.யிலும் தந்தால் லுமென் (வெளிவரும் மொத்த ஒளி) கணிசமாகக் குறையும். அந்தக் குறைவை ஒரு காரணியால் பெருக்கிப் பெறலாம். ஆனால் 15 டிகிரி பீமுக்கான கோப்பைப் பெருக்கி 36 டிகிரிக்கான கோப்பைப் பெற முடியாது, ஒளி பரவும் வடிவமே வேறு. வண்ணம் ஒளியைப் பாதிக்காது என்று நானே நினைத்திருந்தேன்; வெளி வளையத்தைப் பொறுத்தவரை அது உண்மை, ரிஃப்ளெக்டரையே கறுப்பாகக் கேட்டால் பொய். எந்தத் தெரிவு லுமென் எண்ணை மட்டும் மாற்றுகிறது, எது புதிய அளவீட்டைக் கோருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத கருவி, எல்லா வகைக்கும் ஒரே லுமெனை அச்சிட்டு ஆலோசகரை ஏமாற்றும். பல நிறுவனங்களின் கேட்லாக்குகளும் அதைத்தான் செய்கின்றன என்பது வேறு கதை.

மற்ற நிபந்தனைகளை விரைவில் முடித்தோம். விளக்கு ஃபிட்டிங்குகளுக்கான தரநிலையான ஐ.எஸ். 10322-இன் கீழ் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவில் இல்லாத மாடல் கோட்டேஷனாக வெளியே போகக் கூடாது. வரி விகிதம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். 2022 ஜூலை 18 அன்று எல்.இ.டி. விளக்குகளுக்கான ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 18 சதவீதமானபோது எங்கள் எக்செல் தாள்களைத் திருத்திய நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் நாங்கள் எழுதிய விதிகள் படிக்கக்கூடிய வடிவில் எங்களிடம் திரும்ப வர வேண்டும். இதற்கு மட்டும் மூன்று வாரம் பேச்சுவார்த்தை நடந்தது.

மூன்றாவது கருவியையே வாங்கினோம். அதன் படங்கள் மற்ற இரண்டையும்விடச் சுமார்தான். விதிகளை எழுத நான்கு மாதமாயிற்று. அதில் பாதி நேரம் அசெம்பிளி மேசையருகே நாற்காலி போட்டு, மேற்பார்வையாளர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டதுதான். தொடங்கி வைப்பதற்கு முதல் நாள் மாலை அவரையே கணினி முன் உட்கார வைத்தேன். 2350 என்று அடித்தார், இரு நீளங்கள் வந்தன, 2530-ஐத் தெரிவு செய்து பொருட்பட்டியலைப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றியபடி, “நீளம் சரி தம்பி. ரெண்டு மீட்டருக்கு மேல போனா நடுவுல மூணாவது கம்பி போடுவோமே, அது எங்க?” என்றார். தொடக்க விழா ஒரு வாரம் தள்ளிப்போயிற்று.