கல்லில் வெட்டிய கணக்கு

தஞ்சைப் பெரிய கோயிலைப் படத்திலாவது பார்க்காதவர்கள் எங்கள் மட்டக்களப்பில் குறைவு. ஆனால் கேரளாந்தகன் வாசலையும் இராசராசன் வாசலையும் தாண்டி, விமானம் என்கிற கருவறைக் கோபுரத்துக்கு நேரே நின்றபோது எனக்கு ஒரு தேவாரம்கூட வாயில் வரவில்லை. கூட வந்த மாமி “சிவனே” என்றா. அதற்குமேல் அவவுக்கும் பேச்சில்லை.

கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறித் திருச்சியில் இறங்கினால், தஞ்சாவூர் பஸ்ஸில் போகிற தூரம்தான்.

விமானத்தின் உயரம் ஏறக்குறைய 216 அடி. முதலாம் இராசராசன் 1010இல் முடித்த திருப்பணி. சுற்றிலும் காவிரியின் வண்டல் நிலம். கருங்கல் முழுவதும் வெளியூரிலிருந்து வந்தது. வயல் மண்ணில் அத்திவாரம் போட்டு ஒரு கல்வீடு எழுப்புகிற பாடு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் வாழும் படுவான்கரையாருக்குத் தெரியும். ஆயிரம் வருடமாக இந்தப் பாரம் அசையாமல் நிற்கிறது என்றால், அதைக் கட்டிய குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனையும் கும்பிடத்தான் வேண்டும்.

வாயில்காப்போர் சிலையின் காலடியை நிதானமாகப் பாருங்கள். அங்கே ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. யானையே அவ்வளவு சிறிதென்றால் காவலர் எவ்வளவு பெரியவர், அவர் காக்கும் இறைவன் எவ்வளவு பெரியவர்! இதை ஒரு சிற்பி வாய் திறக்காமல் சொல்லிவிட்டான். அப்புறம், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே, அது உண்மையில்லை. பின்னேர வெயிலில் அந்த நிழலில்தான் மாமி கால் நீட்டி இருந்தா.

பெருவுடையாரைத் தீப ஒளியில் கண்குளிரக் கண்டோம். வெளியே வந்து சுற்றும்போதுதான் விமானத்தின் அடியில் வரிவரியாக ஓடும் எழுத்துகள் என்னைப் பிடித்துக்கொண்டன. நாம் கொடுத்ததும், அக்கன் கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மற்றும் கொடுத்தவர்கள் கொடுத்ததும் கல்லிலே வெட்டுக என்பது இராசராசனின் ஆணை. அக்கன் என்றால் அவன் தமக்கை குந்தவை. கோயிலுக்கு ஆடவந்த 400 பெண்களின் பெயரும், யாருக்கு எந்தத் தெருவில் வீடு என்பதும் அங்கே இருக்கின்றன. ஈழ மண்டலத்து ஊர்கள் செலுத்த வேண்டியதும் எழுதப்பட்டிருக்கிறது. அதில் நமக்கு வடக்கே இருக்கும் கொட்டியாரத்தின் பெயரும் வருகிறது. அதை அறிந்துகொண்டு அந்தச் சுவரைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

உயரம் முதலில் மலைக்க வைத்தது உண்மை. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்தக் கணக்குத்தான். எங்கள் மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் எந்தத் திருவிழா எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழிக் குலத்துக்கு, என்று முறை உண்டு, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் உண்டு. கொடுத்தவரை மறக்காத அந்த ஒழுங்கை, ஒரு பேரரசன் தன் பெயருக்குப் பக்கத்திலேயே கல்லில் ஏற்றியிருக்கிறான்.

மாமிக்கு விளங்கப்படுத்தினேன். எழுத்துகளைத் தொடாமல் விரலால் காற்றில் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டா: “ஆடின பிள்ளைகள்ர பேரும் இருக்கா புள்ள? அதில ஒரு பேரை வாசி, கேப்பம்.”