‘புதையல்’ என்று அச்சடித்ததால் வந்த வினை

ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடும் ஜியோகேச்சிங் என்ற விளையாட்டுக்கான எங்கள் கூடுகைக்காக நான் எழுதிய முதல் துண்டறிக்கையில் ‘ஜிபிஎஸ் புதையல் வேட்டை, அனைவரும் வருக’ என்று கொட்டை எழுத்தில் போட்டு ஐந்நூறு பிரதிகள் அச்சடித்துவிட்டேன். அவற்றைப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் கொடுத்த மூன்றாம் நாள், சுசீந்திரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கோயில் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்து, “டீச்சர், எங்க கோயில் பக்கம் யாரும் தோண்ட வரக் கூடாது, முன்கூட்டியே சொல்லிப்போட்டேன்” என்றார். அதே நாள் மாலையில் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கே வந்து, மண்வெட்டி நாங்கள் தருவோமா, அவர்களே கொண்டுவர வேண்டுமா என்று கேட்டார்கள். இவர்களில் யாரையும் குறைசொல்ல முடியாது. 2011இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டதிலிருந்து எங்கள் பக்கம் புதையல் என்ற சொல்லை எவரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

சொல்லின் பொருளைப் பார்த்தாலும் பிழை என்னுடையதுதான். புதைத்து வைத்தது புதையல். ஜியோகேச்சிங்கிலோ நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பெட்டியை மண்ணில் புதைப்பதற்கே தடை உண்டு. குழி தோண்டாமல், மரத்தில் ஆணி அடிக்காமல், கல்லைப் பெயர்க்காமல் ஒரு பெட்டியை ஒளித்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை அளவையை இந்த விளையாட்டுக்கான இணையதளத்தில் வெளியிட வேண்டும். தேடி வருபவர் அதைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் பதிவுத்தாளில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே 2 அன்று நீக்கியது. அதற்கு மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்து அதன் அளவைகளை இணையத்தில் எழுதினார். அங்கே தொடங்கியதுதான் இந்த விளையாட்டு. மிச்சமிருந்த துண்டறிக்கைகளை வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்க்கும் தாள்களாக்கிவிட்டு, ‘ஒளித்து வைத்த பெட்டியைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு’ என்று நீளமாகவே மறுபடி அச்சடித்தேன். அழகில்லாத தலைப்புதான், ஆனால் அதற்குப் பிறகு எவரும் மண்வெட்டி கேட்கவில்லை.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவன் பெங்களூருவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். அவனும் அவன் நண்பர்களுமாக முப்பது பேருக்கு மேல் வருவதாகச் சொன்னார்கள். உள்ளூரில் மாணவர்கள், பெற்றோர், நடைப்பயிற்சிக் குழுவினர் எல்லாரும் சேர்ந்தால் நூற்றைம்பதைத் தொடும் என்று தோன்றியது. இதை ‘மெகா’ என்று விளம்பரப்படுத்தலாமே என்றான் ஒருவன். மெகா என்ற தகுதிக்கு ஐந்நூறு பேராவது கலந்துகொள்ள வேண்டும், ‘கிகா’ என்றால் ஐயாயிரம் பேர். ஆகவே வெறும் கூடுகை என்றே பதிவு செய்தோம். நாள் குறிப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு; ஆகவே ஜூன் முதல் டிசம்பர் வரை எந்தத் தேதியையும் நம்ப முடியாது. கார்த்திகை தொடங்கித் தை முதல் வாரம் வரை ஐயப்ப பக்தர்களின் கூட்டத்தால் கன்னியாகுமரியில் வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கடற்கரை ஊர்களில் காலைத் திருப்பலி முடியும்வரை யாரையும் எதிர்பார்க்க முடியாது. எல்லாவற்றையும் கழித்த பிறகு எஞ்சியது பிப்ரவரி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை.

இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் என் இரண்டாவது தவறு நடந்தது. முதல் தவறு வெறும் சிரிப்போடு போயிற்று; இது காவல் நிலையம் வரைக்கும் போயிற்று. அனந்தனாறு சானல்கரையில், அதாவது பாசனக் கால்வாயின் கரையில், ஒரு கலுங்குக்குப் பக்கத்தில், இடம் சரிப்படுமா என்று பார்ப்பதற்காக, கறுப்பு டேப் சுற்றிய ஒரு சிறு டப்பாவை யாரிடமும் சொல்லாமல் வைத்துவிட்டு வந்தேன். யாரும் பார்க்காமல் வைப்பதுதானே இந்த விளையாட்டின் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். இரண்டு நாட்களுக்குப் பிறகு இரவு ஒன்பது மணிக்கு ஓர் அழைப்பு வந்தது: “டீச்சர்தானே? உங்க டப்பா இங்க ஸ்டேஷன்ல இருக்கு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க.” குளிக்க வந்த யாரோ அதைப் பார்த்துப் பயந்து தகவல் சொல்லியிருக்கிறார்கள், காவலர்கள் வந்து, கரையில் போக்குவரத்தை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, எச்சரிக்கையோடு அதை எடுத்திருக்கிறார்கள். உள்ளே நான் வைத்திருந்த சீட்டில் என் பெயரும் எண்ணும் இருந்தன. ஆனால் எல்லாமே ஆங்கிலத்தில், அதுவும் திறந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி இருந்தன. உதவி ஆய்வாளர் என்னைத் திட்டவில்லை. “இத வைக்கதுக்கு முன்னால எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே வந்து தேடியிருப்போமே” என்று மட்டும் சொன்னார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு மணி நேரம் கரையில் காத்து நின்றவர்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே தயாரிப்பின் வரிசையை மாற்றினேன். முதலில் ஆட்களிடம் சொல்வது, பிறகு அனுமதி, அதன் பிறகு பெட்டி, கடைசியில்தான் அளவை. ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டிகளையே வாங்கினோம். ஒவ்வொன்றின் மேலும், ‘இது ஒரு விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை, பதிவுத்தாளும் பென்சிலும் மட்டுமே உள்ளன’ என்று தமிழில் எழுதி, என் எண்ணையும் சேர்த்து ஒட்டினோம். பெட்டிகள் இருக்கும் இடங்களின் பட்டியலை அந்தந்தக் காவல் நிலையத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை பெற்றேன். ஓர் அலுவலகத்தில் இது எந்தப் பிரிவுக்கு உரியது என்று முடிவாகாததால் என்னை மூன்று முறை அலையவிட்டார்கள். ‘பொருள்’ என்ற இடத்தில் ‘மாணவர் நடைப்பயணம்’ என்று நான்காம் முறை எழுதிக் கொடுத்ததும் பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் வாழும் ஒருவரைக் காவலாகச் சேர்த்துக்கொண்டோம். சானல்கரைக்கு வாழைத்தோட்டக்காரர், தேரூருக்குக் குளத்தருகே சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன், முட்டத்துக்குக் கலங்கரை விளக்கம் போகும் வழியில் டீக்கடை நடத்தும் ஒரு அக்கா. அவரிடம் நான் எல்லாவற்றையும் விளக்கி முடித்த பிறகு, “அத நான் பாத்துக்கிடுதேன் மக்களே. ஆனா உள்ள என்ன இருக்குன்னு ஒருதடவ எனக்குத் தொறந்து காட்டிட்டுப் போ” என்றார். திறந்து காட்டினேன். பென்சிலையும் தாளையும் பார்த்துவிட்டு, “இதுக்கா பெங்களூர்ல இருந்து வாறாங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஊருக்குத் தெரியாமல் ஒளித்த டப்பா இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த பெட்டிகளோ இன்றுவரை இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

முட்டத்தில் பெட்டியைப் பாறைகளுக்கிடையே வைத்தால் படம் அழகாக வரும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. கள்ளக்கடல் வரும் நாளில் வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. தூரத்துப் புயல் கிளப்பிய அலை மட்டும் கரையேறி வரும். ஆகவே கடலோரப் பெட்டிகள் அனைத்தையும் சாலையின் நிலப்பக்கத்தில், பிள்ளைகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேட வேண்டிய இடங்களில்தான் வைத்தோம். உப்புக்காற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோதனைக்காக வைத்த தகர டப்பா மூன்று வாரத்தில் துருப்பிடித்து மூடி திறக்கவில்லை, அதை ஒட்டவைத்திருந்த காந்தமும் உதிர்ந்துவிட்டது. பேனா மை ஈரத்தில் பரவிவிடுகிறது, பென்சில் தாங்குகிறது. நாலு பக்கமும் கொக்கி உள்ள பெட்டி, உள்ளே ஜிப் வைத்த உறை, அதற்குள் பதிவுத்தாள் என்ற ஏற்பாடுதான் நிலைத்தது. உண்ணும் பொருள் எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்ற விதியை மிட்டாய் வைத்த ஒரு மாணவன் மீறிவிட்டான். மறுநாள் எறும்புகளே அவனுக்குப் பாடம் எடுத்தன.

அளவை எடுப்பது என் பாடம் என்பதால் அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்துக்கும் கூலி கிடைத்தது. எங்கள் கைப்பேசி காட்டியது தசமப் பாகை. தளம் கேட்பதோ பாகையும் தசம நிமிடமும். வட்டக்கோட்டைக்கு அருகே தோராயமாக 8.125 வடக்கு, 77.565 கிழக்கு என்று குறித்திருந்ததை நான் அவசரத்தில் 8 பாகை 12.5 நிமிடம், 77 பாகை 56.5 நிமிடம் என்று பதிவு செய்தேன். புள்ளியை வரைபடத்தில் பார்த்த அக்கா மகன், “சித்தி, உவரிக்குத் தென்கிழக்கே நடுக்கடல்ல பெட்டி வச்சிருக்கீங்க, வள்ளத்துல போகணுமா?” என்று கேட்டான். தசமப் பகுதியை அறுபதால் பெருக்கினால் 8 பாகை 7.5 நிமிடம், 77 பாகை 33.9 நிமிடம் என்று வரும். ஏழாம் வகுப்புக் கணக்கு. அதற்குப் பிறகு ஒருவர் எடுத்த அளவையை இன்னொருவர், பெட்டி இருக்கும் இடம் தெரியாமல், எண்ணை மட்டும் வைத்துத் தேடிப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். திறந்த வெளியில் நாலைந்து மீட்டருக்குள் எல்லாரும் வந்து நின்றார்கள். திருவட்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலோ இலைமூட்டத்தின் கீழே ஒரே இடத்துக்கு மூன்று கைப்பேசிகள் மூன்று எண்களைக் காட்டின. வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம் என்று ஆறு முறை எடுத்துச் சராசரி பார்த்த பிறகுதான் அது ஓரளவு அடங்கியது.

இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். அதாவது ஒரு மைலின் பத்தில் ஒரு பங்கு. இரண்டு கிலோமீட்டர் சானல்கரையில் அதிகபட்சம் எத்தனை பெட்டி வைக்கலாம் என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். பாதிப்பேர் பன்னிரண்டு என்றார்கள், தொடக்கப் புள்ளியையும் எண்ணியவர்கள் மட்டும் பதின்மூன்று என்றார்கள். நாங்கள் வைத்தது ஐந்துதான். தளத்தில் வெளியிடும் பெட்டி மூன்று மாதமாவது நிலைத்திருக்க வேண்டும், பழுதானால் உரியவர் போய்ச் சரிசெய்ய வேண்டும். ஒருநாள் கூத்துக்காக ஐம்பது பெட்டி வைத்துவிட்டு மறுநாள் மறந்துபோவது நடக்காது. ஆகவே ஒன்பது பெட்டிகளை மட்டும் நிரந்தரமாகப் பதிவு செய்தோம். புதியவர்கள் பழகுவதற்கான மற்றவை கூடுகை நடக்கும் தென்னந்தோப்புக்குள்ளேயே, அன்று மாலை எடுத்துவிடும்படி வைத்தவை.

வட்டக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் உள்ளே எதையும் வைக்கவில்லை. உள்ளே உள்ள தகவல் பலகையைப் படித்து விடை கண்டால், கோட்டைக்கு வெளியே உள்ள தோப்பில் ஒளித்த பெட்டிக்கு வழி கிடைக்கும். மாத்தூர் தொட்டிப்பாலத்திலும் இதே முறைதான். 1966இல் கட்டி முடித்த, 115 அடி உயரமுள்ள அந்தப் பாலத்தின் தூண்களை எண்ணச் சொல்லியிருந்தோம். மேலே நடந்துகொண்டு எண்ணியவர்கள் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். படியிறங்கிப் பறளியாற்றுப் பக்கமிருந்து எண்ணியவர்களுக்கு 28 என்று சரியாக வந்தது. பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்க்கும் பிள்ளைகளை நினைத்து அந்தக் கேள்வியையே பின்னர் எடுத்துவிட்டதால், விடையை இங்கே எழுதுவதில் தவறில்லை.

கூடுகையின் அறிவிப்பைக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே சமர்ப்பிக்க வேண்டும். நாங்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்தோம். தளத்துக்காகப் பெட்டிகளைப் பரிசீலிக்கும் தன்னார்வலர் இரண்டைத் திருப்பி அனுப்பி, நில உரிமையாளரின் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்று கேட்டார். ஒப்புகை முத்திரைகள் கையில் இருந்ததால் அன்றே பதில் எழுத முடிந்தது. முந்தின நாள் மாலை சொத்தவிளை கடற்கரையில் குப்பை பொறுக்கும் நிகழ்ச்சி. ஜியோகேச்சர்களிடம் 2002 முதல் இருந்துவரும் வழக்கம் இது. பதினொரு சாக்குகள் நிறைந்தன. பாதிக்கு மேல் அறுந்த வலைத்துண்டுகள். சாக்குகளை எடுத்துச்செல்ல ஊராட்சி வண்டி வருமென்று சொன்னவர்கள் வரவில்லை; வலைக்காரர் ஒருவரின் டெம்போதான் எங்களைக் காப்பாற்றியது.

சனிக்கிழமை காலை எட்டரைக்குத் தேரூர் தோப்பில் கருப்பட்டிக் காப்பியும் மட்டிப்பழமும் தயாராக இருந்தன. ஒன்பதரைக்குள் நூற்று அறுபது பேர் வந்துவிட்டதால் காப்பி இரண்டாம் முறை போட வேண்டியதாயிற்று. முட்டத்துக்குப் போன முதல் குழு அரைமணி நேரம் தேடிவிட்டுச் சோர்ந்துபோய், டீக்கடை அக்காவிடம், இங்கே ஒரு பெட்டியைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறது. அவர் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, “பெட்டியா? எந்தப் பெட்டி மக்களே?” என்றாராம்.