ஹிஸ்டோன் மரபணுக்கள் குடியிருக்கும் விதம்

மனித செல் ஒன்றின் உட்கருவில் ஏறத்தாழ 600 கோடி கார இணைகள் (டி.என்.ஏ.வின் இரு இழைகளில் எதிரெதிரே சேர்ந்திருக்கும் எழுத்துகள்) கொண்ட டி.என்.ஏ. இருக்கிறது. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஒவ்வொரு திரளையும் அதில் 147 இணைகள் சுற்றிக்கொண்டு, சிறிது இடைவெளி விட்டு அடுத்த திரளுக்குச் செல்வதால், மொத்தம் சுமார் 3 கோடி நியூக்ளியோசோம்கள் அமைகின்றன. செல் பிரிவதற்கு முன் டி.என்.ஏ. இரட்டிக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் இன்னொரு 3 கோடிக்கு வேண்டிய புரதங்கள், அதாவது 24 கோடி ஹிஸ்டோன் மூலக்கூறுகள், புதிதாக வந்து சேர வேண்டும். ஹிஸ்டோன் மரபணுக்கள் ஏன் இத்தனை பிரதிகளாக இருக்கின்றன என்ற கேள்வியை இந்த அவசரத்திலிருந்து தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன்.

கடல் முள்ளெலியின் கருவில் அவசரம் இன்னும் கடுமையானது. கருவுற்ற முட்டை தொடக்கத்தில் மிக விரைவாகப் பிளந்துகொண்டே போவதால், அந்தக் கட்டத்துக்கென்றே தனி ஹிஸ்டோன் மரபணுக்கள் உள்ளன: எச்1, எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற ஐந்து வகை ஹிஸ்டோன்களுக்கும் ஆளுக்கொன்றாக ஐந்து மரபணுக்கள் ஒரே திசை நோக்கி அமைந்த தொகுப்பு, பல நூறு முறை அடுத்தடுத்துத் திரும்ப வருகிறது. பிளவுகளின் வேகம் தணிந்ததும் இவை அடங்கிவிடுகின்றன. பிறகு வேலையை ஏற்கும் மரபணுக்களோ குறைந்த எண்ணிக்கையில், வரிசை குலைந்து கிடப்பவை. மாக்ஸ் பிர்ன்ஸ்டீல் போன்ற உயிரியலாளர்கள் 1970களில் இந்த மரபணுக்களைப் பிரித்தெடுத்து ஆராய முடிந்ததற்கே இவற்றின் மிகுதிதான் காரணம்.

பழ ஈயான டிரோசோஃபிலா மெலனோகாஸ்டரிலும் இதே முறை உண்டு. அதன் இரண்டாம் குரோமோசோமின் இடது கையில், சுமார் 5,000 இணைகள் நீளமுள்ள தொகுப்பு ஏறக்குறைய 100 முறை வரிசையாக நிற்கிறது. ஆனால் இங்கே மரபணுக்கள் ஒரே திசையில் இல்லை; எச்3-எச்4, எச்2ஏ-எச்2பி என்ற மரபணு ஜோடிகள் ஒவ்வொன்றும் ஒரு நடுப்பகுதியிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் படிக்கப்படுகின்றன.

மனிதரிடம் இந்த அடுக்கு வரிசையே கிடையாது. ஆறாம் குரோமோசோமின் குறுங்கையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஹிஸ்டோன் மரபணுக்கள் திரண்டிருக்க, முதல் குரோமோசோமில் இரண்டு சிறு கூட்டங்கள் உள்ளன. பட்டாணிச் செடியின் எச்4 புரதத்துக்கும் கன்றின் எச்4 புரதத்துக்கும் 102 அமினோ அமிலங்களில் இரண்டே வேறுபடுகின்றன என்பதை நினைத்தால், மரபணுக்களின் இருப்பிடம் இவ்வளவு மாறியிருப்பது வியப்பளிக்கிறது. பிரதிகள் அருகருகே இருந்து ஒன்றையொன்று திருத்திக்கொள்வதால்தான் புரதம் மாறாதிருக்கிறது என்று பலர் கருதியதுண்டு. ஆனால் பரிணாம ஆய்வாளர் மசதோஷி நெய்யின் குழு 2002இல் எச்4 மரபணுக்களை ஒப்பிட்டபோது, புரதத்தைப் பாதிக்காத டி.என்.ஏ. எழுத்துகள் தாராளமாக மாறியிருப்பது தெரிந்தது. பிரதிகள் ஒன்றையொன்று திருத்தியிருந்தால் அவையும் ஒத்திருக்க வேண்டும். ஆகவே புரதத்தைக் காப்பது பிழையான பிரதிகளைக் களையும் இயற்கைத் தேர்வே என்ற அவர்களது முடிவு எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.

வெவ்வேறு விலங்குகளுக்குப் பொதுவாக எஞ்சுவது இந்த மரபணுக்களைக் கையாளும் முறை. இவற்றில் பொதுவாக இன்ட்ரான்கள், அதாவது மரபணுவின் நடுவே வந்து பின்னர் ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதிகள், இல்லை. புரதம் செய்வதற்கான செய்தியை மரபணுவிலிருந்து எடுத்துச்செல்லும் இவற்றின் தூது ஆர்.என்.ஏ.வின் முடிவில் வழக்கமான அடினின் வாலுக்குப் பதிலாக, கொண்டை ஊசிபோல் மடிந்த ஒரு சிறு வளைவு இருக்கிறது. அதைப் பற்றிக்கொள்ளத் தனிப் புரதம் உண்டு, டி.என்.ஏ. இரட்டிப்பு முடிந்ததும் இந்த ஆர்.என்.ஏ. விரைந்து அழிக்கப்படுகிறது. இதற்கு வேண்டிய கருவிகளெல்லாம் மரபணுக் கூட்டத்தைச் சுற்றி உட்கருவுக்குள் ஒரு தனித் திரளாகக் குவிகின்றன; மரபணுக்கள் கூடி இருப்பதன் பயனை நான் முதன்மையாக இங்கேதான் காண்கிறேன். எல்லா நேரமும் தேவைப்படும் எச்3.3 என்ற எச்3 வகையின் மரபணுக்கள் இந்தக் கூட்டத்துக்கு வெளியே, இன்ட்ரான்களோடும் அடினின் வாலோடும் இருப்பது இதற்குப் பொருந்தி வருகிறது.

நூறு பிரதிகளும் தேவைதானா? 2010இல் குனெஸ்டோகன், யெக்லே, ஹெர்சிக் ஆகியோர் பழ ஈயின் அந்த வரிசை முழுவதையும் நீக்கிவிட்டு, வேறிடத்தில் 12 தொகுப்புகளை மட்டும் புகுத்தினார்கள், ஈக்கள் பிழைத்தன. அதுவரை ஒரு பிரதியை மாற்றினால் மற்றவை அதன் விளைவை மறைத்துவிடும். அதன் பின்னரே விலங்கொன்றின் ஹிஸ்டோனில் ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலத்தை எல்லாப் பிரதிகளிலும் மாற்றிப் பார்க்க வழி பிறந்தது. 2013இல் எச்3 புரதத்தின் 27ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தை அவ்வாறு மாற்றியபோது, அதில் மீத்தைல் என்ற சிறு வேதிக் குழுவைச் சேர்க்கும் நொதியை இழந்த செல்களில் காணப்படும் கோளாறுகளே தோன்றின. அந்த நொதியின் பணி அந்த ஒரு லைசின் வழியாகவே நடக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று அப்போதுதான் கிடைத்தது.